முப்பத்து மூன்று பலட் மூடி

காலை பத்தே முக்காலுக்குக் குருசுமுத்துவின் லொறி நின்றுவிட்டது. டென்மார்க்கில், கோல்டிங் துறைமுகத்தைப் பார்த்த சரக்கு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், சாரங்காவின் திரையில் பச்சையாக நகர்ந்துகொண்டிருந்த புள்ளி சிவப்பாக மாறியது. ஜெர்மன் எல்லை தாண்டியதும் வருகிற தரிப்பிடம். பழுது ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஓடக்கூடிய ஒன்பது மணித்தியாலமும் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணித்தியாலம் ஓடலாம். அந்த இரண்டையும் அவர் திங்களும் செவ்வாயும் ஓடி முடித்திருந்தார். இனிக் குறைந்தது ஒன்பது மணித்தியாலம் படுத்தெழும்பினால்தான் வண்டியை எடுக்கலாம். லொறிக்குள் இருக்கும் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் ஓட்டுநர் அட்டையில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு மாமன் மச்சான் பார்க்கத் தெரியாது.

ஏற்றியிருந்தது மூடி. போலந்திலிருந்து முப்பத்து மூன்று பலட் மரத்தட்டுகளில் அடுக்கிய பிளாஸ்டிக் மூடி. கிரின்ஸ்டெட்டில் சோஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்று அதற்காகக் காத்திருந்தது. வாளி இருக்கிறது, சோஸ் இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், மூடி மட்டும் இரண்டு மணியோடு தீர்ந்துவிடும். பிறகு மெஷின் நிற்கும். மனிதருக்கு வருகிற கவலைகளில் இதுவும் ஒன்றா என்று சாரங்காவுக்குச் சில நாட்களில் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை. தை மாதத்திலிருந்து ஏற்கனவே இரண்டு தாமதம். இன்னொன்று நடந்தால் வேறு கம்பெனியைப் பார்ப்போம் என்று தொழிற்சாலைக்காரர் எழுதியே அனுப்பியிருந்தார்கள். அவர்களைக் கவனிப்பதுதான் சாரங்காவின் வேலை. அவர்கள் போனால் அவளுடைய மேசையும் போகும். மாற்று ஓட்டுநர் தேடி ஏழு இடத்துக்கு அடித்துப் பார்த்துவிட்டாள். ஒருவர் கிடைத்தார், பின்னேரம் ஆறு மணிக்கு.

மேலாளர் ப்ரெபென் அவளுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர்.

"குருசுமுத்துவோடு கதைத்தாயா?"

"அவர் ஓய்வில் இருக்கிறார். மணித்தியாலம் முடிந்துவிட்டது."

"தெரியும், தெரியும். விதி விதிதான். நான் ஓடச் சொல்லவில்லை." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியில் கதைப்பீர்கள்தானே. நிலைமையை விளங்கப்படுத்தினால் நல்லது" என்றார்.

பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது. டேனிஷில் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கேதான் பழகுகிறார்களோ என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கை போனை எடுத்துவிட்டது.

நிலைமையை விளங்கப்படுத்துவது என்றால் தமிழ்ச் சனத்துக்குள் என்ன அர்த்தம் என்று ப்ரெபெனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஹேர்னிங் ஊரில், பெரியவளான ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டில், குருசுமுத்துவின் மனைவி மரியநாயகி சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். "இவர் ஆறு மாசமா வீட்டிலதான் மகள்" என்றாள். அவ்வளவுதான். வேலை எடுத்துத் தா என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை; கஷ்டத்தைச் சொன்னால் சொன்னதுதான். அடுத்த கிழமையே சாரங்கா ப்ரெபெனிடம் கதைத்து, ஐம்பத்தொன்பது வயது மட்டக்களப்பு மனிதரை இந்த லொறியில் ஏற்றிவிட்டாள்.

"சொல்லு மகள்" என்றார் குருசுமுத்து. இரவு ஒரு மணிக்கு வண்டியெடுத்தவருடைய குரல்.

"ஒண்டுமில்லை அங்கிள். சும்மாதான் எடுத்தனான். சாப்பிட்டீங்களே?"

"ரெண்டு துண்டு பாண் திண்டன். கண் எரியுது மகள். படுக்கப்போறன்."

அந்த இடத்தில் வைத்திருக்கலாம். படுங்கோ அங்கிள் என்று சொல்ல எத்தனை விநாடி தேவை? ஆனால் முதுகுக்குப் பின்னால் ப்ரெபெனின் மூச்சு கேட்டது.

"கிரின்ஸ்டெட்டில ரெண்டு மணிக்கு மெஷின் நிக்கப்போகுதாம் அங்கிள். இவன் ப்ரெபென் வந்து பின்னால நிக்கிறான். எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை."

தன் பெயர் காதில் விழுந்ததும் ப்ரெபென் ஒன்றுமறியாப் பாப்பா போலத் தலையசைத்தார்.

குருசுமுத்து தூரத்தைக் கணக்குப் பார்த்தார். "இங்க இருந்து ஒண்டரை மணித்தியாலம் வருமா?"

"ஓம். ஆனா நீங்கள் ஓட ஏலாதுதானே. நான் சும்மா சொன்னனான்."

"சரி மகள். பாப்பம்."

பதினொன்று ஐந்துக்குப் புள்ளி பச்சையானது.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். அதை அவளால் மறைக்க முடியாது. இரண்டு மணிக்கு முன்னால் மூடி போய்விடும், மேசை தப்பிவிடும் என்று மனம் ஒரு கணம் துள்ளியது. பிறகுதான் அவருடைய குரல் நினைவுக்கு வந்தது. ப்ரெபெனும் திரையைப் பார்த்தார். தனக்கு ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

கண் எரியுது என்றாரே. போன மார்கழியில் ஒரு தடவை பொலிஸ் மறித்து அவருடைய அட்டையைப் பார்த்துத் தண்டம் எழுதியிருக்கிறது. இன்னொரு தடவை எழுதினால் லைசென்ஸுக்கே பிரச்சினை. அது கூடப் பரவாயில்லை. மூடி பாரமில்லாத சாமான்தான், ஆனால் லொறி லொறிதான். முன்னால் சின்னக் கார்களில் சனம் போய்க்கொண்டிருக்கும். மரியநாயகிக்கு நான் என்ன சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"அங்கிள், ஓடுறீங்களே?"

"நீ ஒண்டும் கேக்கல்லத்தானே மகள். நானாத்தான் எடுத்தன். ஆர் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவன். நீ பயப்பிடாத."

அறைந்தது போலிருந்தது. அவள் தப்புவதற்கான வழியையும் அவரே யோசித்து வைத்துவிட்டார். ஆறு மாதம் வீட்டில் இருந்ததற்கு அவர் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

அப்போது போனுக்குள் டர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. நெடுஞ்சாலையின் ஓரக் கோட்டில் சில்லு ஏறினால் வருகிற சத்தம். இந்த நாட்டில் கார் ஓடுகிற எல்லோருக்கும் அது தெரியும். ஒரு விநாடி நீண்டு, நின்றது.

"அங்கிள்! நித்திரை வருதே?"

"இல்ல மகள். காத்து."

யன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கொடிகள் அசையாமல் தொங்கின.

"நிப்பாட்டுங்கோ."

"கொஞ்சத் தூரந்தான் மகள், வந்த மாதிரி—"

"நான் கேக்கேல்லை அங்கிள், சொல்லுறன். அடுத்த தரிப்பிடத்தில நிப்பாட்டுங்கோ! மெஷின் நிண்டா நிக்கட்டும்!"

வயதுக்கு மூத்த ஒருவரிடம் அவள் இப்படிக் கதைத்ததே இல்லை. அலுவலகத்தில் ஐந்தாறு தலைகள் திரும்பின. ப்ரெபெனின் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபக்கத்தில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் அடுத்த தரிப்பிடம் இரண்டு கிலோமீட்டருக்குள் தெரிந்தது. ஆனால் புள்ளி நிமிடத்துக்கு ஒரு தடவைதான் இடம் மாறும், இப்போதைய இடம் எது என்று அதற்கே தெரியாது. பிறகு போனில் டிக், டிக் என்று சிக்னல் அடிக்கத் தொடங்கியது. வலப்பக்கம் என்றால் தரிப்பிடத்துக்குள் திரும்புகிறார். இடப்பக்கம் என்றால் முன்னால் போகிற வண்டியை முந்தப்போகிறார். சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். சாரங்கா போனைக் காது நோக அழுத்திக்கொண்டு, நகராத அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி நின்றாள்.