பால் அறையின் தரைக்குக் கீழே

இருநூறு வருடப் பழமையான பண்ணை அது. இன்றும் அங்கேயே மாடு கறந்து, வெண்ணெய் கடைந்து, வாசலில் விற்கிறார்கள். நானும் என் நாத்தனாரும் போயிருந்தோம். குடிநீர் வாரியத்தில், பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைவாள். அவளோடு வெளியே போவதென்றாலே எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

பண்ணைக்காரம்மா எங்களைப் பால் அறைக்குள் அழைத்துப் போனார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. கல் தரை, தடித்த சுவர், மர அலமாரியில் வெண்ணெய்க் கட்டிகள்.

"ஃபேன் கூட இல்லையே. எப்படிம்மா இவ்வளவு குளிருது?" என்றாள் நாத்தனார்.

"கல்லு கட்டடம், அதான்னு மாமனார் சொல்வார்."

"பக்கத்து ரூமும் கல்லுதானே? வர்ற வழியில அங்க வேர்த்து ஊத்துச்சே."

பண்ணைக்காரம்மா யோசித்தார். "நீங்க சொன்னப்புறம்தான் எனக்கும் தோணுது."

அவ்வளவுதான். நாத்தனார் கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக் கல்லில் காதை வைத்தாள். வெண்ணெய் வாங்க வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க," என்று பல்லைக் கடித்தேன்.

"உஷ். கீழ தண்ணி ஓடுது அண்ணி."

ஊர்ந்து ஊர்ந்து மூலையில் ஒரு கல்லைத் தட்டிக் காட்டினாள். பண்ணைக்காரம்மாவின் கணவர் கடப்பாரையோடு வந்தார்.

"சுவரு விழுந்துடாதே?" என்று கேட்டார்.

"விழாதுங்க. இது மூடி. ஓரத்துல பூச்சே இல்ல பாருங்க."

கல் பெயர்ந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். செங்கல் கட்டிய குறுகிய வாய்க்கால். அதில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து இது மேலதான் நடக்கறேன்," என்றார் பண்ணைக்காரம்மா.

"மாட்டுக் குளம் ஏன் வத்தறதே இல்லைன்னு இப்பத்தான் புரியுது," என்றார் அவர் கணவர். "ஆனா எங்கேர்ந்து வருது?"

"வாங்க, போய்ப் பாக்கலாம்," என்றேன். சொன்னது நான்தானா என்று நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

தொழுவத்தைத் தாண்டி மேட்டில் ஏறினோம். அவள் ஒரு பக்கம் காது வைக்க, நானும் புல்லில் படுத்து இன்னொரு பக்கம் கேட்டேன். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு, மெல்ல, சலசலப்பு. வாடிக்கையாளர்களும் பின்னாலேயே வந்துவிட்டதால் கடையில் ஆளே இல்லை.

புதரை விலக்கியபோது பாறை இடுக்கிலிருந்து ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் பண்ணாம யாரும் குடிக்கக் கூடாது," என்றாள் நாத்தனார்.

அதற்குள் பண்ணைக்காரம்மா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்திருந்தார்.