அவுலக் நே

வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றாலே ரோஷானிக்குத் தலை சூடேறத் தொடங்கிவிடும்.

புளத்கொகுபிட்டிய டவுனில், செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய கம்பனி. தேயிலைத் தோட்டத்து நீரிழிவு நோயாளிகளைப் போனில் அழைத்து, சீனி வருத்தக் கிளினிக் நாளை ஞாபகப்படுத்துவது அதன் வேலை. அழைப்பது கம்ப்யூட்டர், குரல் மட்டும் ரோஷானியுடையது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ‘இந்த வாரம் எதைத் திருத்த வேண்டும்?’ என்று தலைப்பை அவளே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பதினொரு வாரமாக ஓர் எழுத்தும் விழவில்லை.

“சின்னதா ஒண்ணு கூடவா இல்ல?”

“எல்லாம் நல்லா இரிக்கிக்கா,” என்றாள் பர்ஸானா. மாவனல்லையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து புரோகிராம் எழுதுகிறவள்.

“அவுலக் நே,” என்றான் ஜெறோம்.

ஜெறோம் ரோஷானியின் கணவன். தோட்டங்களுக்குப் போய்வரும் வேலை முழுவதும் அவனுடையது. பிரச்சினை இல்லை என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டால் இருக்கிற பிரச்சினையும் ஓடிவிடும் என்பது போல எதற்கும் அதையே சொல்வான். கல்யாணத்தன்று கோயில் வாசலில் மோதிரத்தைக் காணவில்லை என்று எல்லோரும் பதறியபோதும் அதைத்தான் சொன்னான்.

“பிழைய சொன்னா யாரையும் ஏச மாட்டேன். டீ வாங்கித் தாரேன்னுகூட சொல்லிட்டேன். வேற என்னதான் செய்யணும் நான்?”

“டீ மட்டும் வாங்கித் தாங்கக்கா,” என்றாள் பர்ஸானா.

ரோஷானிக்கு எரிச்சலாக வந்தது. தோட்டத்துத் துரை வந்து கேட்டால் ‘ஒண்ணும் இல்லீங்க’ என்று சொல்லிப் பழகிய லயத்து வரிசை வீட்டில்தான் அவளும் பிறந்தாள். அந்தப் பழக்கத்தைத் தன் கம்பனிக்குள் விடக்கூடாது என்றுதான் பலகையை மாட்டினாள். ஆனாலும் கணக்கைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும். அழைத்த நூறு பேரில் தொண்ணூற்றொரு பேர் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மூன்று தோட்டத்தை நாற்பதாக்குவதா என்று கிளினிக் டொக்டர் முடிவு சொல்வதாக இருந்தார்.

அடுத்த புதன்கிழமை, மழையில் நனைந்த இறப்பர் மலை வளைவில் ஜெறோமின் மோட்டார் சைக்கிள் சறுக்கி, கணுக்கால் பிசகியது. மறுநாள் வியாழக்கிழமைக் கிளினிக்குக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர்தான் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ரோஷானியும் பர்ஸானாவும் புரோகிராமை வரிவரியாகப் புரட்டினார்கள். அழைப்புகள் எல்லாம் போயிருந்தன. எல்லோரும் எடுத்துமிருந்தார்கள். “கம்ப்யூட்டர் பாவம்கா, அது ஒண்டும் செய்யல்ல,” என்று கைவிரித்தாள் பர்ஸானா. சனிக்கிழமை ரோஷானி தானே தோட்டத்துக்குப் போனாள்.

கிளினிக்குக்கு வராதவர்களில் முதல் பெயர் தங்கம்மா. லயத்து வாசலில் கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு போன் வரலையாக்கா?”

“வந்துச்சு. போன் கம்பனிக்காரி. ‘அன்பார்ந்த பயனாளரே’ன்னு ஆரம்பிப்பா. பாட்டு வேணுமா, ஒண்ண அமத்துன்னு காசத் திங்கிறவ. நான் சட்டுனு வெட்டிருவேன்.”

ரோஷானிக்கு முகம் சுட்டது. “பேசுனது நான்தான்க்கா.”

“அட, நீயா? ரேடியோவுல மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரில்ல இருந்துச்சு!”

“அப்ப இத்தன நாளா கிளினிக் நாள் எப்படித் தெரிஞ்சிச்சு?”

“நம்ம ஜெறோம் தம்பி வந்து சொல்லுமே. புதன்கிழம கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்துக்கு வந்து, ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடும். ‘தங்கம்மாக்கா, நாளைக்குக் கிளினிக், மருந்து எழுதுற கொப்பிய மறந்துராதீங்க, வெறும் வயித்துல வாங்க’ன்னு. இந்த வாரம் வரல. தம்பிக்கு உடம்புக்கு முடியலையா?”

புதன்கிழமைகளில் போன் சிக்னல் பார்க்கப் போகிறேன் என்றுதான் அவன் வீட்டில் சொல்லியிருந்தான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெறோம் காலைத் தலையணைமேல் வைத்து நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

“உக்காருங்க. எத்தன வாரமா தெரியும்?”

“ரெண்டாவது வாரத்துலேயே தெரியும் ரோஷி. எல்லாரும் வெட்டுறாங்கன்னு.”

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நான் தொண்ட கிழியக் கேட்டேனே!”

“அந்தக் குரல பதிவு பண்ண மூணு நாள் வெளிச் சத்தம் விழாம போர்வைக்குள்ள இருந்து பேசுன. இஞ்சித் தண்ணி குடிச்சுக் குடிச்சு பேசுன. அத ஒருத்தரும் கேக்கல, மரண அறிவித்தல்னு சிரிக்கிறாங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா அழுவ.”

“நான் ஒண்ணும் அழ மாட்டேன்,” என்றாள். சொல்லி முடிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

“மூணு தோட்டத்துக்கு பைக்ல போவீங்க. நாப்பது வந்தா? நாப்பதுக்கும் போவீங்களா?”

அவன் வாயைத் திறந்தான்.

“அவுலக் நேன்னு சொன்னீங்கன்னா, மத்தக் காலும் பிசகும்.”

வாயை மூடிக்கொண்டான். அவன் பொய் சொல்லியிருக்கிறான். அதுவும் அவளுக்காக மழையில் நனைந்து சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்டவனை எப்படித் திட்டுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. சுடுதண்ணீர் வைத்து, அவன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள்.

திங்கட்கிழமை டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்ணூற்றொன்று என்பது தன் கம்பனியின் எண் இல்லை, தன் கணவனின் எண் என்று சிங்களத்தில் உடைத்துச் சொன்னாள். டொக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நாற்பது தோட்டம் இப்போது இல்லை. அதே மூன்று தோட்டத்தில் இன்னும் மூன்று மாதம், மோட்டார் சைக்கிள் இல்லாமல் நடத்திக் காட்டச் சொன்னார். படி இறங்கும்போது ரோஷானி நாற்பது தோட்டத்துக் கணக்கை மனதிலிருந்து அழித்தாள். ஆனால் மூன்று மாதம் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெறோமைப் போர்வைக்குள் உட்காரவைத்தார்கள். மடுவத்தில் கூப்பிடுவது போலவே கூப்பிடச் சொன்னார்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் அவன் தனித்தனியாகக் கூப்பிட்டான். நேரத்தையும் பர்ஸானா மாற்றினாள். இனி அழைப்பு, வேலையாட்கள் மலையை விட்டு இறங்கிய பிறகு, மாலை ஆறு மணிக்கு.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ரோஷானி ஆட்களை எண்ணினாள். முதல் ஆளாகக் கிளினிக் கொப்பியோடு வந்து நின்றாள் தங்கம்மா.

“உன் புருஷனுக்கு என்ன வந்துச்சு? போன் எடுத்தா, தங்கம்மாக்கான்னு கூப்பிட்டுச்சு. கால் எப்படி தம்பின்னு கேக்குறேன், பதிலே இல்ல. அது பாட்டுக்குப் பேசிட்டு வெட்டிருச்சு. அவ்வளவு பவுசா?”

அன்று வந்தவர்கள் நூற்றுக்கு அறுபத்து மூன்று.

மறுநாள் மூன்று மணிக்கு ரோஷானி பலகைப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெறோம் ஊன்றுகோலோடு எழுந்து பலகைக்குப் போனான். ‘தங்கம்மாக்கா கேட்டா பதில் சொல்லனும்’ என்று கோணல்மாணலாக எழுதினான். ‘சொல்லணும்’ என்று திருத்த அவள் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

“நானும் ஒண்டு எழுதட்டா?” என்று பர்ஸானா மெல்ல எழுந்தாள். “ரெண்டு மாசமா சொல்லாம வெச்சிரிக்கேன்கா. ஏச மாட்டீங்க தானே?”

ரோஷானி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுது. டீ சொல்லிட்டு வாரேன்.”