தேநீர் தொட்டுப் போட்ட முடிச்சு

கல்யாண விருந்தில் மணப்பெண்ணின் அப்பா தொகுஜி மொய் உறையை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக்கொண்டவள் மாப்பிள்ளை யசுனோரியின் அத்தை ஃபுசாஎ. உறையைப் பார்த்ததும் அவள் முகத்துச் சிரிப்பு பாதியில் நின்றதை மணப்பெண் சிஹரு கவனித்துவிட்டாள். மேலே கட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் காகித நூல் பூமுடிச்சு. நுனியை இழுத்தால் அவிழும், மறுபடி கட்டலாம். பிள்ளைப்பேற்றுக்கு அது சரி. எத்தனை தடவை வந்தாலும் சந்தோஷம்தான். கல்யாணம் மறுபடி வரக்கூடாதென்று ஜப்பானில் அதற்கு அவிழாத முடிச்சுதான் வைப்பார்கள். அதுவும் சிஹருவுக்கு இது இரண்டாவது கல்யாணம்.

அம்மா இருந்தவரை உறை வாங்குவதெல்லாம் அவள் வேலை. அவள் போனபின் அப்பாவுக்கு வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. அதனால்தான் என்று சிஹரு மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் முதல் கல்யாணம் முறிந்து அவள் வீடு திரும்பியபோது, "கட்டினா நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தவர் அவர். கயிற்றுக்கும் குடும்பத்துக்கும் அவருக்கு ஒரே சொல்தான், முசுபு, கட்டுவது. வேண்டுமென்றே செய்தாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

"இது பிள்ளை பொறந்தா குடுக்கிறதாச்சே. முன்கூட்டியே வாழ்த்துறீங்க போல" என்றாள் ஃபுசாஎ, தேனாக. யசுனோரி சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொகுஜிக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. "அழகா இருந்துச்சேன்னு எடுத்தேன். இதெல்லாம் அவதான் வாங்குவா."

உறையைத் திரும்ப வாங்கிப் பூமுடிச்சை அவிழ்த்தார். காகித நூல் அறுந்துவிடாமல் இருக்க விரலைத் தேநீரில் நனைத்துக்கொண்டார். சிப்பி வளர்க்கும் தெப்பங்களில் காலமெல்லாம் கயிறு கட்டிய தடித்த விரல்கள், மடித்து, நுழைத்து, இறுக்கின.

"சிஹரு, இழுத்துப் பாரு."

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அசையவில்லை.

"புயல்லயே நின்ன முடிச்சு" என்றார். ஃபுசாஎயைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னார். சிஹருவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் யசுனோரி முடிச்சை நகத்தால் நெம்பினான், பல்லாலும் கடித்துப் பார்த்தான். உறையை இறுக்கிப் பிடித்திருந்த நூல் நழுவவும் இல்லை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து வந்தான்.

"இன்னிக்கு வெட்ட வேண்டாம்" என்றாள் சிஹரு.

அவன் கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டு மூடினான். உறை பிரிக்காமலே அரிசி டப்பாவின்மேல் கிடந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் தேநீர்க் கறை காய்ந்து, அப்பாவின் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாகப் பதிந்திருந்தது.