சின்னவன் சம்பளம்

ஹோட்டல் லாண்டரியில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒருமுறை நீராவிக் குழாய் ஒழுகி ஒருத்தியின் கை வெந்துபோனது. சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்து, கவனமாக வேலை செய்ய வேண்டாமா என்று கேட்டுவிட்டு நழுவப் பார்த்தார். குழாயைச் சரிசெய்ய ஆள் வரும்வரை அவரை அங்கேயே நிறுத்தி வைத்துப் பேசினாள் இவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அப்பேர்ப்பட்டவள் அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன முதல் நாள் வாயைத் திறக்கவே இல்லை. அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புருஷன் சொன்னான். கொழுந்தன் சொன்னான். லாண்டரியில் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து உருளை இஸ்திரி மிஷினுக்குள் விடுகிற ஜோடிக்காரியும் சொன்னாள். அவள் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அங்கே யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வா, நமக்கு அட்டைதான் முக்கியம், ரோஷம் இல்லை என்று ரேடியோ பாடம் எடுத்திருந்தாள்.

அட்டை முக்கியம்தான். புருஷன் வெல்டர். இரும்புக் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை. முன்பெல்லாம் இரும்புக் கேட்டை ஒரு தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன், இப்போது வீட்டுப் படியில் பாதி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு, ஸ்கேனும் பார்த்துவிட்டு, இதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். மருத்துவ அட்டை இருந்தால் ஒரு செலவும் இல்லை. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி கேட்கிற தொகையை அவள் அடுத்த பிறவிவரை இஸ்திரி போட்டாலும் கட்டி முடிக்க முடியாது.

வீட்டில் மூன்று பேர். அவள், வெல்டர், வெல்டரின் தம்பி. அவனை எல்லோரும் சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். டவுன் பஸ் ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் அவனைப் படிக்க வைத்து, லைசென்ஸ் எடுக்க வைத்து ஆளாக்கினான். ஹாலில் ஜன்னலோரம் பாய் விரித்துப் படுப்பான். வாடகையில் பாதி கொடுப்பான். கல்யாணத்துக்கு இன்னும் பெண் அமையவில்லை. யாராவது கேட்டால், பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் ஏறுகிறார்கள், எனக்கென்று ஒருத்தி ஏற மாட்டேன் என்கிறாளே என்பான்.

மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் குனிந்த தலை நிமிராமல் விவரம் கேட்டார். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன சம்பளம். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சின்னவனுடைய சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டினார். பேனாவை மூடினார்.

"வருமான வரம்பு தாண்டிருச்சு."

"அவர் என் கொழுந்தனார் சார். நாளைக்குக் கல்யாணமானா போயிடுவாரு."

"ஒரே வீட்ல இருந்தா ஒரே வருமானம். அவர் தனியா போனதுக்கு அத்தாட்சி கொண்டுவந்து மறுபடி போடுங்க. அடுத்த ஆளு வாங்க."

தலையை ஆட்டினாள். நன்றி சார் என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது வெல்டர் முடியாது என்றான். அட்டையும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், கூடப் பிறந்தவனைத் தெருவில் விட்டுத்தான் நான் பிழைக்க வேண்டுமா என்றான். சின்னவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் காகிதத்துக்காகத்தானே, டிப்போவில் உடன் வேலை பார்க்கிறவன் ஒருவன் அறையில் இடமிருக்கிறது, வாடகைச் சீட்டு போட்டுத் தருவான், ஆபரேஷன் முடிந்ததும் திரும்பி வந்துவிடுகிறேன் என்றான். இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் அவன் பையை எடுத்து வைத்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கியதும் வெல்டருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. தம்பியைப் போகவிடவும் மனமில்லை, போகாதே என்று பிடித்து வைக்கவும் வழியில்லை. இயலாமை முழுவதும் நாக்கில் வந்து நின்றது.

"உனக்கும் இது நல்ல சாக்குதான். சீக்காளி வீட்டுலேருந்து எப்படா கழண்டுக்கலாம்னு பாத்துட்டே இருந்த."

சின்னவன் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே பைக்குள் திணித்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "வர்றேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவள் கணவனைப் பார்த்துக் கத்த நினைத்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவனிடம் கத்துவதற்கும் மனம் வரவில்லை.

வாடகைச் சீட்டை வைத்துப் போட்ட இரண்டாவது மனுவுக்குப் பிறகு வீட்டைப் பார்க்க விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, ஹாலின் மூலை முடுக்கெல்லாம் கண்ணை ஓட்டினார். குளியலறைக்குள் போய்ப் பல் துலக்கும் பிரஷ் எத்தனை என்று பார்த்தார். சமையலறையில் மூடியிருந்த சட்டியைத் திறந்து, ரெண்டு பேருக்கு இவ்வளவு சோறா என்று கேட்டார். இராத்திரிக்கும் சேர்த்து வடித்தது என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வெல்டர், வந்தவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கே அவனுக்கு மூச்சு முட்டியது.

பின்பக்கக் கொடியில் சின்னவனின் யூனிஃபார்ம் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் தங்கிய அறையில் தண்ணீர்க் கஷ்டம். அவள்தான் டிப்போவுக்குப் போய் அழுக்குத் துணியை வாங்கிவந்து துவைத்திருந்தாள். லாண்டரிக்காரி வீட்டுப் பிள்ளை அழுக்குச் சட்டையோடு பஸ் ஓட்டுவதா என்ற வீம்பு அவளுக்கு.

அதிகாரி சட்டையை உருவிக் கட்டில் பக்கம் கொண்டுவந்து அதன் கையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப ஆளு போன மாதிரி நடிச்சிருக்கீங்க" என்றார்.

அவளுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. வாயைத் திறந்தாள். கட்டிலிலிருந்து கையை நீட்டி வெல்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் இருந்த கெஞ்சலுக்காக எல்லாவற்றையும் விழுங்கினாள். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். பிறகு பதில் வந்தது. பொய்த் தகவல் தந்ததால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று போட்டிருந்தது.

அந்த வாரமே வெல்டர் குளியலறை வாசலில் விழுந்தான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். வால்வு மாற்ற வேண்டுமென்றால் அட்டை வேண்டும். அதே டாக்டர்தான் வந்தார். அன்றைக்கே சொன்னேனே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவளைக் கடிந்துகொண்டார். இத்தனை நாள் நாங்கள் சோற்றுச் சட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. டாக்டருக்குப் பின்னால், வார்டுக் கதவோரம், டிப்போவிலிருந்து ஓடிவந்த சின்னவன் நின்றிருந்தான். அண்ணன் கண் மூடிக் கிடந்ததால்தான் அவன் உள்ளே வந்தான்.

மறுநாள் வேலைக்குப் போனவள் கவனமில்லாமல் விரிப்பின் முனையை மிஷினுக்குள் விட்டாள். விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டது. ரேடியோ மிஷினை நிறுத்தினாள். சுருண்ட விரிப்பை இழுத்து எடுத்தாள். பிறகு, தன் சித்தி மகளுக்கும் ஒருமுறை அட்டை கிடைக்காமல் போய், அந்த அலுவலகத்தின் மாடியில் இருக்கிற மேல்முறையீட்டு அதிகாரியைப் பார்த்துத்தான் காரியம் நடந்தது என்றாள். கவுண்டரில் அதைச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் படி ஏற வேண்டும் என்றாள்.

அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் படி ஏறினாள்.

மாடியில் மின்விசிறி ஓடியது. உட்கார நாற்காலி இருந்தது. வயதில் மூத்த அதிகாரி, அம்மா உட்காருங்க என்றார். இரண்டு மனுக்களையும் டீயைக் குடித்துக்கொண்டே புரட்டினார். டீ பாதி குறைவதற்குள் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல உங்க வீட்டுக்காரரோட தம்பி எதுக்கு வந்தாரு?"

"கூடவே இருந்தாரு சார்."

"இருந்தா என்ன? புருஷன், பொண்டாட்டி, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்க. இவங்கதான் குடும்பம். கூடப் பிறந்தவங்க ஒரே வீட்ல இருந்தாலும் அவங்க சம்பளம் கணக்குல வராது."

அவளுக்குப் புரியவில்லை. புதிதாக வந்த சட்டமா என்று கேட்டாள். இல்லை, திட்டம் தொடங்கினதிலிருந்தே இப்படித்தான் என்றார் அவர். கீழே ஏதோ சின்னத் தப்பு நடந்துபோச்சு, இப்பவே சரிபண்ணிடலாம் என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்தார். காகிதத்தை அவள் பக்கம் தள்ளி, நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று சிரித்தார்.

அவள் காகிதத்தை எடுக்கவில்லை.

"சின்னத் தப்பா சார்?" என்றாள். குரல் உயரவில்லை. "இந்தச் சின்னத் தப்புக்கு என் கொழுந்தன் வீட்ட விட்டுப் போனான். போறவன என் புருஷன் சொல்லக்கூடாததச் சொன்னாரு. இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. உங்க ஆளு வந்து என் சோத்துச் சட்டியத் திறந்து பாத்தாரு. ஒரு சட்டை காஞ்சதுக்கு எங்களப் பொய்க்காரங்கன்னு எழுதினாரு. அந்த மனுஷன் மூச்சு விட முடியாம வார்டுல கிடக்குறாரு. இதுல எது சார் சின்னது?"

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. வருத்தமாக இருக்கிறது என்றார். அவள் விடவில்லை. கீழே வந்து மூன்றாம் கவுண்டரில் இதைச் சொல்லுங்கள் என்றாள். எல்லாக் கவுண்டருக்கும் சுற்றறிக்கை அனுப்புவோம் என்றார்.

"அது வர்றதுக்குள்ள வரிசையில நிக்கிறவங்க?"

அவர் ஆறிப்போன மீதி டீயை எடுத்துக் குடித்தார். அவள் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மூன்றாம் கவுண்டரில், கழுத்தில் அளவு நாடாவோடு, வயிற்றுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு ஒரு தையல்காரர் நின்றிருந்தார். கவுண்டர்காரர் அவருடைய அக்கா சம்பளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் வரிசையைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"அண்ணே, அக்கா சம்பளம் கணக்குல வராது. இப்பதான் மாடியில கேட்டேன்."

நீ யாரம்மா என்றார் கவுண்டர்காரர். முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போனவள் என்றாள். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்கிறேன் என்றார் அவர். பொய் சொல்கிற முகமாக இல்லை. ஆனால் அவளுக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக ஒருநாள்கூட எடுத்துப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டாள். காவலாளி வந்து, வெளியே வாங்கம்மா, கலாட்டா பண்ணாதீங்க என்றான். கலாட்டா இன்னும் தொடங்கவே இல்லை என்றாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, இஸ்திரி மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையால் சொன்னாள்: அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, வளர்ந்த பிள்ளை சம்பளத்தைச் சேர்த்து யாரை எல்லாம் திருப்பி அனுப்பினார்களோ, அவர்கள் எல்லாம் மாடிக்குப் போங்கள்.

தையல்காரர்தான் முதலில் கிளம்பினார். கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினார். பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. அப்புறம் வரிசை வளைந்து படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. படி முழுக்க ஆள் நின்று, மேலே இடமில்லாமல் போய், கடைசியில் அந்த அதிகாரியே கீழே இறங்கி வர வேண்டியதாயிற்று. சுற்றறிக்கைக்குக் காத்திருக்காமல், அன்று மதியமே கையால் எழுதிய தாள் ஒன்றை எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டினார்கள். அதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும் என்றால் இத்தனை காலம் எதற்கு என்று இன்னும் ஆத்திரம்தான் மூண்டது.

ஆபரேஷன் நடந்தது. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். ஆனால் காலதாமதத்தில் இதயத் தசை தளர்ந்துவிட்டது, இனி பளுத் தூக்குகிற வேலை வேண்டாம், பட்டறைப் பக்கம் போகவே கூடாது என்றார் டாக்டர். சின்னவன் ரத்தம் கொடுத்தான். லீவு போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். மருந்து வாங்கி வந்தான். அண்ணன் விழித்திருக்கும் நேரம் மட்டும் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனுடைய அறைக்குப் போனாள். சட்டத்தில் உன் பேச்சே இல்லையாம் தம்பி, நீ போயிருக்கவே வேண்டாம், வா வீட்டுக்கு என்றாள். அவன் அவளுக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சட்டம் சொன்னதுக்காகப் போயிருந்தா வந்திருப்பேன் அண்ணி. அண்ணன் மனசுல அப்படி ஒண்ணு இருந்துச்சே."

அப்படி ஒன்றும் இல்லை, வலியில் பேசினது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் மறுத்துப் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தான். அண்ணனுக்கு என்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்திருந்த பையைக் கொடுத்தான். பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டான்.

வெல்டர் ஆரஞ்சை உரிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்: "வர மாட்டேங்கிறானா?"

"நீங்க கூப்பிட்டா வருவான்."

தம்பியின் அறை எந்த மாடியில் என்று வெல்டர் கேட்டான். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்றாள். படி ஏற எப்போது விடுவார்கள் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல் என்றான் அவன். போனில் கூப்பிடலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். முடியாது, நேரில்தான் போக வேண்டும் என்றான்.