மரகதத்தின் டிபன் கேரியர்

அறுபதாம் வருஷம் எல்லையைப் பிரித்தவர்கள் திருத்தணியை மெட்ராஸ் பக்கம் சேர்த்துவிட்டு, எங்கள் நகரியை ஆந்திராவிலேயே விட்டார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நான் டிவி ரிப்பேர்காரன். இந்த ஊர் மொட்டை மாடிகளில் நான் ஏற்றிய ஆன்டெனா அத்தனையையும் மெட்ராஸ் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

எண்பத்தெட்டில் அந்த ஆன்டெனாக்களின் வழியாகத்தான் மரகதம் ஊருக்குள் வந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், பதின்மூன்று வாரத் தொடர். அந்த அரை மணிக்குத் தறிகளை நிறுத்திவிட்டு வீதி முழுக்க என் கடைக்கு வந்துவிடும். காணாமல் போன புருஷனைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற பொம்பளைதான் மரகதம். நாற்பது வயது இருக்கும். பார்க்கவும் சுமார்தான். யாராவது "நாளைக்கு வா" என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பாள். மூடியை முந்தானையால் துடைத்து, அதில் கொஞ்சம் தயிர்சாதம் வைத்து, விரட்டியவனிடமே நீட்டுவாள். "சாப்பிடுங்க. நான் இங்கேதான் இருப்பேன்" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். ஒரு கதாநாயகி என்றால் எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?

"இவ இன்னா சோறு போட வந்தவளா?" என்று என் பெண்டாட்டி அம்சவேணியிடம் கேட்டேன்.

"உனுக்குக் கத்தத்தான் தெரியும். நீ பேசாம பாரு" என்றாள்.

குத்திக் காட்டினாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மகள் வள்ளி அந்த வருஷம் ஆறாவது போக வேண்டும். தமிழில் படிக்கப் பிள்ளைகள் குறைவு என்று ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். சித்தூரில் இருக்கும் அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் பிரிவு நடக்கும். மனுவோடு நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கத்தினேன். இரண்டு தடவையும் வெளியே அனுப்பினார்கள். வள்ளி தெலுங்கு நன்றாகவே பேசுவாள். ஆனால் தெலுங்கில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பள்ளி திறக்கப் பத்தே நாள் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பதின்மூன்றாவது வாரம் வந்தது. இத்தனை வாரமும் முகம் கொடுக்காத பெரிய அதிகாரியின் முன்னால் மரகதம் போய் நிற்கிறாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்கிறான். பட்டென்று கரண்ட் போய்விட்டது. மறுபடி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என்ன செய்திருப்பாள் என்று வீதியில் இரண்டு நாள் அதே பேச்சுதான். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். டீக்கடைக்காரர், தறி மேஸ்திரி, கடைசி வீட்டு ரத்னம்மா எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "கேரியரத் தொறந்திருப்பா." ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டாத இடத்தில்கூட அவள் என்ன செய்வாள் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. எழுதியவன் யாரோ, அவன் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்சவேணி மனுவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இந்த வாட்டி நான் பேசறேன். நீ கூட வந்தாப் போதும்."

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் அவள். சித்தூர் பஸ்ஸில் ஏறும்போதுதான் அவள் கையில் மூன்றடுக்கு கேரியரைப் பார்த்தேன்.

"ரேப்பு ரண்டி" என்று பியூன் நாளைக்கு வரச் சொன்னார். அம்சவேணி தலையாட்டிவிட்டு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். கேரியரைத் திறந்தாள். மூடியை முந்தானையால் துடைத்துச் சாதம் வைத்து, "தினண்டி" என்று சாப்பிடச் சொல்லி அவரிடமே நீட்டினாள். அந்த மனுஷன் முழித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அதிகாரி வெளியே வந்தார். "ஏமிட்டம்மா இதி?" என்று, இதெல்லாம் என்ன என்பதுபோல் கேட்டார். தமிழ் தெரியாதவர். மரகதத்தை அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்சவேணி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து மனுவை நீட்டி, தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க படிச்சுப் பாருங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."

அவர் அங்கேயே நின்று, கேரியரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனுவை முழுக்கப் படித்தார். பதினைந்து பிள்ளைகளின் பெயர் இருந்தால் இந்த வருஷம் நடத்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் பதினேழு பெயர் கொடுத்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

ஆடி மாதம், திருத்தணியிலிருந்து என் சித்தப்பா மகன் ஜெயச்சந்திரன் வந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. கடைசி வாரத்தை முழுக்கப் பார்த்திருக்கிறான்.

"கேரியரத் தொறந்தா இல்ல?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"கேரியரா? அத்த அன்னிக்கு எட்தாரவே இல்லண்ணா. பத்து நிமிசம் காட்டுக் கத்தல் கத்தினா. அளுதா, சாபம் வுட்டா. கடைசீல அந்த ஆபீசரே அவ கால்ல வுளுந்துட்டான்."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. உள்ளே வள்ளி ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி கழுவிய கேரியரைத் துடைத்து ஒவ்வோர் அடுக்காக மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"நெஜமாவே கத்தினாளா?" என்று கேட்டாள்.

"நெஜமாத்தான் அண்ணி."

கடைசி அடுக்கை மாட்டி மூடியை அழுத்தினாள்.

"பாவம்" என்றாள். "அவசரத்துல கேரியர வூட்லயே மறந்துட்டுப் போயிருப்பா."