விழுந்து பார்த்து வாங்கிய பூட்ஸ்

பையில் அங்கவடியைப் போட்டுக்கொண்டு செருப்புக் கடைக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சேணத்தின் பக்கத்தில் வாரோடு தொங்குமே, கால் வைத்து ஏறுகிற இரும்பு வளையம், அதுதான். "இதை எதுக்குச் சுமந்துட்டு வர்ற?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் என் வீட்டுக்காரர். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலையில் அவர் மறுபடி குதிரை ஏறப்போகிறார். அதே செம்பழுப்புக் குதிரை. நாலு மாதத்துக்கு முன்னால் அது மிரண்டு இவரைக் கீழே தள்ளியது. விழுந்தது பெரிய விஷயமில்லை. இருபது வருஷமாக லாயத்தில் வேலை பார்க்கிறவர் விழாமல் இருப்பாரா? பூட்ஸ் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. வெளிக்கதவு வரைக்கும் குதிரை அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடியது. தோள் எலும்பு முறிந்தது. தலை தப்பியதே பெரிய காரியம்.

அந்த பூட்ஸை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நான்தான். லத்தி அள்ள வேண்டும், தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவ வேண்டும், நடுவில் பத்துத் தடவை குதிரை ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூட்ஸ் மாற்ற யாருக்கு நேரம்? எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடிதான். வருஷக் கணக்கில் உழைக்கட்டும் என்று, தடித்த அடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டியதாகத் தேடிப் பிடித்தேன். அது அங்கவடிக்குள் நுழையுமா என்று யோசித்தேனே தவிர, வெளியே வருமா என்று யோசிக்கவில்லை. நாலு மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடையில் இவர் கை நேராக அதே மாதிரி ஒன்றுக்குத்தான் போனது.

"இதுதான் உழைக்கும்."

"பூட்ஸ் உழைக்கிறது இருக்கட்டும். அதைப் போட்டுக்க நீங்க இருக்க வேணாமா?"

கடைக்காரரிடம் திரும்பினேன். "அண்ணே, இந்த ஏணி ஆடாம நிக்குமா?"

"நிக்கும்க்கா. எதுக்கு?"

"இவர் விழணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். ஏணியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன். நான் வாரை ஏணிப்படியில் கட்டி அங்கவடியைத் தொங்கவிட்டேன். கீழே காலி அட்டைப்பெட்டிகளைப் பரப்பினேன்.

"இப்பத்தான் எலும்பு கூடியிருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும். அதான் பெட்டி போட்டிருக்கேன். சாயுங்க."

அவர் எடுத்ததையே முதலில் போடச் சொன்னேன். காலை அங்கவடிக்குள் வைத்துச் சாய்ந்தார், கால் வெளியே வரவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கடைக்காரர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் நான் நீட்டியதையெல்லாம் தானாக மாட்டிக்கொண்டார்.

அடுத்தது வழவழப்பான அடி, குதிகாலும் தட்டை. கணுக்கால் வரைக்கும் அங்கவடிக்குள் சறுக்கிப் போனது. அது இன்னும் மோசம். மூன்றாவது சரியாகத்தான் இருந்தது. ஆனால் வளைத்துப் பார்த்தால் அடியைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். லாயத்து ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

"வேற காட்டுங்க."

"அக்கா, இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அதையும் காட்டுங்க. இல்லேன்னா அடுத்த கடைக்கும் ஏணி கேட்டுப் போவேன்."

கெட்டித் தோல். அடியைச் சுற்றிலும் தையல். பள்ளங்கள் ஆழமில்லை, ஈரத்தரையில் பிடிக்கும், இரும்பில் மாட்டாது. குதிகால் ஒரு விரல்கடை உயரம், கால் உள்ளே சறுக்கிவிடாமல் தடுக்க. அங்கவடிக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் என் சுண்டுவிரல் நுழைய இடம் இருந்தது.

"சாயுங்க."

தொப்பென்று பெட்டிகள் மேல் விழுந்தார். அங்கவடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"மறுபடி."

விழுந்தார். வலது காலை வைத்து விழச் சொன்னேன். எதிர்பாராத நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கால் வந்துவிட்டது.

"எல்லாரும் நடந்து பாத்துத்தான் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர், நசுங்கிய பெட்டிகளைப் பார்த்தபடி.

இவர் கீழேயே உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "விழுந்தது நானு. நீ எதுக்கு அழற?"

"நல்லா விழுந்தீங்க" என்றேன்.