கொட்டாரத்தில் பெண் பார்த்தது

ஊர் கண்ணில் படாமல் பெண் பார்க்க மட்டாஞ்சேரியில் ஓர் இடம் உண்டென்றால் அது டச்சுக் கொட்டாரம்தான் என்று அய்யாசாமி கண்டுபிடித்திருந்தார். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்க்கிற பழைய அரண்மனை. பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. கார்ப்பரேஷனில் பல வருஷம் வேலை பார்த்த அவரே போனதில்லை. மனைவியையும் அழைத்துப் போனால் கூட்டமாகத் தெரியும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, மகள் மாதுரியோடு கிளம்பினார்.

மாதுரிக்கும் அது சம்மதம்தான். முன்பு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மறுநாள் தெருவே வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. அதுதான் வலித்தது. இந்த முறை நடக்காமல் போனாலும் யாருக்கும் தெரியக் கூடாது.

அன்றைக்குப் பார்த்து இடவப்பாதிப் பருவமழை கொட்டித் தீர்த்தது. வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாப்பிள்ளைப் பையன் பிரதீஷ், தன் அம்மா பிந்துவோடு பாதி நனைந்து வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நால்வரும் மேலே ஏறினார்கள். சுவரெல்லாம் ராமாயணம். ராமன் பிறக்கிற படத்தின் அடியில் நின்றுகொண்டு பிந்து, "சமையலெல்லாம் வருமா?" என்று விசாரித்தாள். அடுத்த அறையில் பிரதீஷ் மாதுரியிடம் மெதுவாக, "நானும் இந்த ஊர்க்காரன்தான், எடப்பள்ளியிலேயே பொறந்தவன். உள்ளே வர்றது இப்பதான்" என்றான். மாதுரிக்குச் சிரிப்பு வந்தது. பயலைப் பிடித்துப்போயிற்று. பிடித்ததும் பயமும் கூடவே வந்தது.

கீழே இறங்கினால் வாசலில் பாதித் தெரு நின்றது. மழைக்கு எல்லாரும் அங்கேதான் ஒதுங்கியிருந்தார்கள். முன்வரிசையில் இஞ்சிக் கிடங்கில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

"அய்யாசாமி சேட்டா, கூட ஆராக்கும்?"

"டூரிஸ்ட். வழி கேட்டாங்க" என்றார் அய்யாசாமி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், குரல் பிசிறியது. பிந்துவின் முகம் சுருங்கியது.

மாதுரிக்குப் பொறுக்கவில்லை. "பொய் அக்கா. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க. இதுவும் நடக்கல்லைன்னா நேரா வந்து கேளுங்க. போன தடவை மாதிரி மிண்டாம வாயை மூடிக்கிட்டுப் பார்க்காதீங்க. தாங்க முடியல்லை."

பேச்சியம்மாள் திகைத்துப்போனாள். "நாங்க என்ன செய்ய மோளே? நீங்க ஒண்ணும் சொல்லல்லை. கேட்டா நீ அழுதிருவியோன்னு பயம்."

மாதுரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னைக் கேவலமாக நினைக்கிறார்கள் என்று எண்ணியிருந்தாளே, அவர்கள் பயந்துபோய் அல்லவா ஒதுங்கியிருக்கிறார்கள்!

பேச்சியம்மாள் விடுகிற ஆளா? பிரதீஷ் பக்கம் திரும்பினாள். "மோனே, பிடிச்சதா?"

அவன் தலையாட்டினான்.

"வாயைத் தொறந்து சொல்லு."

"எனக்குப் பிடிச்சாச்சு" என்றான் பிரதீஷ். "அவங்களைத்தான் யாரும் கேக்கல்லை."

அத்தனை பேரும் மாதுரியைப் பார்த்தார்கள். அவளும் அவர்களை நேராகப் பார்த்தாள். பிறகு, மழைச் சத்தத்தையும் மீறி எல்லார் காதிலும் விழும்படி, "பிடிச்சிருக்கு" என்றாள்.